மலைநாட்டு நிவாரண முகாம்களில் பாதுகாப்புப் பணி

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி இரவு, இடுக்கி ஜில்லாவில் மூணாறுக்கு அப்பால், இராஜமலையை அடுத்த பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மீது மலை சரிந்து விழுந்தது. வரிசையாகக் கட்டப்பெற்றிருந்த லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தபடியால் செய்தி மறுநாட் காலையில்தான் வெளியே வந்தது. வழியிலிருந்த பெரியவரைப் பாலமோ 2018 வெள்ளத்திலேயே பாழானது; அதற்கு மாற்றாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலத்தையும் இந்த மழை அடித்துக்கொண்டு போயிற்று. மாண்டவர்களிற் பெரும்பாலோர் தமிழர். பலருடைய பூர்விகம் தூத்துக்குடி ஜில்லா கயத்தாறு.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மில் எத்தனையோ பேருக்கு அந்த மலைகளோடு உறவுண்டு. சித்தப்பா ஒருவர் தேவிகுளத்தில் இருப்பார். அத்தை மகள் பீருமேட்டில் கொழுந்து கிள்ளுவாள். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதித் தோட்டத்தில் பெண் கொடுத்திருப்போம். மழைக்காலத்தில் ஆபத்து நேர்ந்தால் நாம் முதலில் கேட்பது, ‘உயிரோடு இருக்கிறார்களா?’ என்பது. இருக்கிறார்கள் என்று தெரிந்த பின், ‘முகாமில் இருக்கிறார்கள்’ என்ற சொல் நமக்கு ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதல் எந்த அளவுக்குச் சரியானது? முகாமுக்குள் ஒருவரை உண்மையாகக் காப்பது எது? இவற்றையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

முகாமில் நடைபெறும் பணிகள் இரு வகைப்படும். சோறு, தண்ணீர், பாய், மருந்து ஆகியவற்றை அளிப்பது ஒரு வகை. இதனை நிவாரணம் என்கிறோம். இது கண்ணுக்குத் தெரியும். பத்திரிகைகளிற் படமாகவும் வரும். மற்றொன்று, முகாமுக்கு வந்த மனிதருடைய மானம், உரிமை, உறவு, உடைமை, சான்றுப் பத்திரம் ஆகியவை குலையாமற் காப்பது. இதுவே பாதுகாப்புப் பணி. வாயிலில் இரண்டு போலீஸ்காரரை நிறுத்திவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. அது பாதுகாப்பின் மிகச் சிறிய பகுதியேயாகும்.

‘அகதி’ என்ற சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். ஆயினும் உலகச் சட்டத்தில் நாட்டெல்லையைக் கடந்து தஞ்சம் புகுந்தவரே அகதி. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனினும் தமிழகம் அகதிகளை அறியாத நாடன்று. 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாம் வழியாக வந்தனர். அவர்களிற் சிலருக்குக் கேரளத்திலேயே புனலூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை தந்து குடியமர்த்தினர். 1983-க்குப் பின் வந்தவர்களோ போரினின்றும் தப்பி வந்தோர். 1984-இல் அவர்களே கூடி ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்துக்கொண்டனர். முகாமில் இருப்போரைக் கைநீட்டிப் பெறுவோராக மட்டும் கருதலாகாது, அவர்களே பணியாளராகவும் இருத்தல் கூடும் என்பதற்கு அஃது ஒரு நல்ல சான்று.

சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து பெயர்ந்தோரைச் சட்டம் அகதி என்று சொல்வதில்லை. அவர்களுக்கென ஐக்கிய நாடுகள் சபை 1998-இல் தனியே வழிகாட்டும் கோட்பாடுகளை வகுத்தது. எனினும், பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும் பிழைக்கும் ஊர் வேறொரு மாநிலத்திலுமாக இருக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில்தான் உள்ளது. அவர் அயல்மொழியில் விண்ணப்பம் எழுதவேண்டும். அயலூர்ப் பத்திரங்களைக் காட்டவேண்டும்.

2018 ஆகஸ்டு மாதத்தை நினைவுகூர்வோம். செறுதோணி அணையின் மதகுகள் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. இடுக்கியின் மலைப்பாதைகள் பல இடங்களில் அறுந்தன. நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் பாதையும் சரிந்து மூடிப்போக, தொண்டர்கள் அரிசி மூட்டைகளைத் தலையிற் சுமந்து கால்நடையாக மலையேறினார்கள். கேரளம் முழுவதிலும் பதினான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் மூவாயிரத்துக்கும் அதிகமான முகாம்களில் தங்கினார்கள். பெரும்பாலானவை பள்ளிக்கூடங்கள். இத்தனை பேருக்குச் சோறு போட்டதே பெருஞ்செயல், அதில் ஐயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிவது நலம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒவ்வொரு ஜில்லாவிலும் கலெக்டரைத் தலைவராகவும், மக்கள் தேர்ந்தெடுத்த ஜில்லாப் பஞ்சாயத்தின் தலைவரை இணைத்தலைவராகவும் கொண்ட ஓர் ஆணையத்தை அமைக்கிறது. முகாமில் இடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகள் வகுக்கப்பட வேண்டும். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதன்படி 2016-இல் வெளியான விதிகள், ஆளொன்றுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம், நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிநீர், முப்பது பேருக்கு ஒரு கழிப்பிடம் என்று கணக்கிடுகின்றன. மூன்றரைச் சதுர மீட்டர் என்பது ஒருவர் பாயை விரித்துப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளும் அளவேயாகும். அவ்வளவாவது எல்லோருக்கும் கிடைத்தால் பெண்கள் உடைமாற்ற இருட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, ஒருங்கிணைப்பு என்னும் சொல்லுக்கு வருவோம். ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவனைச் சரிவில் இழந்தவள், கையில் ஆறு வயதுப் பிள்ளை, காய்ச்சல் வேறு. டாக்டர் வந்து மாத்திரை தருகிறார். அங்கன்வாடி ஊழியர் பிள்ளைக்குப் பால் தருகிறார். வில்லேஜ் ஆபீசர் பெயரை எழுதிக்கொள்கிறார். போலீஸார் வாக்குமூலம் பெறுகிறார்கள். குடும்பஸ்ரீப் பெண்கள் புடவை கொடுக்கிறார்கள். தொண்டர் சங்கம் ஒன்று மறுபடியும் பெயரை எழுதிக்கொள்கிறது. ஐந்து நாளில் ஆறு பேரிடம் அவள் தன் கதையைச் சொல்லி ஆறு முறை அழுதாள். ஆயினும் அவளுடைய கணவனின் மரணச் சான்றுக்கு மனு எழுதியவர் எவருமில்லை. அது தம் வேலையன்று என்று ஒவ்வொருவரும் எண்ணினர். யாரும் கடமையில் தவறவில்லை. எனினும் அவள் கைவிடப்பட்டாள்.

இதைத் தவிர்க்கும் வழி மிக எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். முகாமுக்கு ஒரே பதிவேடு இருக்கவேண்டும். அதில் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. தனியாக வந்த பிள்ளை, கர்ப்பிணி, நடக்கவியலாத முதியவர், நாள்தோறும் மருந்துண்பவர், பத்திரங்களை இழந்தவர் என்ற குறிப்புகளும் வேண்டும். நாள்தோறும் மாலையில் எல்லாத் துறையினரும் கால்மணி நேரமாவது கூடியிருந்து, யாருக்கு என்ன பாக்கி, அதற்குப் பொறுப்பு யார், எப்பொழுது முடியும் என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் சொன்ன குறை உரியவரிடம் தானாகப் போய்ச் சேரவேண்டும். குறையுடையவர் மேஜை மேஜையாக அலையலாகாது. கூடவே மற்றொரு நுட்பமும் உண்டு. பட்டியலைச் சுவரில் ஒட்டுவது சௌகரியந்தான். ஆனால், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவள் பெயரும் அதில் இருக்குமானால், அந்தச் சுவரே அவளைக் காட்டிக்கொடுக்கும். பகிரவேண்டியதைத் துறைகளுக்குள் பகிர்ந்து, மறைக்கவேண்டியதை மறைப்பதே ஒருங்கிணைப்பில் பாதி வேலை.

தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் இரக்கம் மட்டும் போதாது. 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிந்தபோது, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்க முன்வந்தோர் பலர். நல்ல மனம்தான். ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி அத்தகைய குழந்தையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும். தத்து என்பது சட்டப்படியான நீண்ட வழி. ‘மாமா’ என்று சொல்லி வந்தவரிடமெல்லாம் பிள்ளையை ஒப்படைக்காதிருப்பது கொடுமையன்று, காவல்.

மொழிக்கு வருவோம். இதனை நாம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் ஆகிய தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசாங்கத்துக்கு எழுதவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் இடமளிக்கிறது. ஆனால் முகாமின் படிவம் மலையாளத்தில் இருக்கும். அதில் ‘வீட்டுப் பெயர்’ என்று ஓர் இடம் உண்டு. லயத்தில் வாழ்பவருக்கு ஏது வீட்டுப் பெயர்? ஒருவர் தோட்டத்தின் பெயரை எழுதுவார். மற்றொருவர் தகப்பன் பெயரைச் சொல்வார். மூன்றாமவர் வெறுமனே விட்டுவிடுவார். தமிழகத்து ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், முகாம் ஏட்டில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்ட ஒரே பெயர், பின்னர் உதவித்தொகை வரும் வேளையில் மூன்று மனிதராகிவிடுகிறது. தமிழறிந்த எழுத்தர் ஒருவர் பதிவு மேஜையில் இருந்து, ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுவாரேயானால் பல மாதத்துத் தொல்லை நீங்கும். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. அந்தத் தாலுகாக்களில் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள்.

காணாமற் போனவர்கள் நிலை இதனினும் சிக்கலானது. ஏழாண்டுகள் செய்தியில்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்தார் என்று கொள்வது நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அதுவரை அவர் மனைவி சட்டத்தின் கண்ணில் விதவையுமல்லள். நிவாரணம் பெற உரியவளுமல்லள். வயநாட்டுப் பேரழிவில் உடல் கிடைக்காதோரையும் இறந்தோராகக் கொள்வதற்கு 2025 ஜனவரியில் கேரள அரசாங்கம் தனி உத்தரவு பிறப்பித்தது. இத்தகைய சிக்கல்களில் வக்கீலுக்குப் பணமில்லையே என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வெள்ளம் முதலிய பேரிடரால் துன்புற்றோருக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாகவே தந்திருக்கிறது. ஜில்லாச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வக்கீலை முகாமுக்கே வரச்சொல்லிக் கேட்கலாம்.

முகாமை மூடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். 2018-இல் ஓணம் விடுமுறை முடிந்து ஆகஸ்டு 29-ஆம் தேதி பள்ளிகள் திறக்கவேண்டியிருந்தது. பிள்ளைகள் படிக்கவும் வேண்டும், வீடிழந்தோர் எங்கேனும் தங்கவும் வேண்டும். சொந்த நிலத்தில் வீடிருந்தவருக்கு நஷ்ட ஈட்டுக்கு வழியுண்டு. தோட்டத் தொழிலாளி நிலையோ வேறு. லயம் கம்பெனிக்குச் சொந்தம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்புத் தரும் பொறுப்பை முதலாளிமீது வைத்தது. ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு இடிந்தபோதும், ‘என் வீடு போயிற்று’ என்று எழுத அவரிடம் பத்திரம் இல்லை. பெட்டிமுடியில் தப்பியவர்களுள் எட்டுக் குடும்பங்களுக்கு அரசாங்கம் குற்றியார்வாலியில் நிலம் தர, தோட்டக் கம்பெனி வீடு கட்டித் தந்து, 2021-இல் அவர்கள் குடிபுகுந்தார்கள். சொந்தப் பெயரில் வீடு பெற இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

முகாமுக்கே வராதவர்களையும் மறக்கலாகாது. மலைத்தோட்டங்களில் இடம்பெயர்ந்தோர் பலர் பக்கத்துத் தோட்டத்து உறவினர் லயத்திலேயே ஒண்டிக்கொள்வார்கள். அவர்கள் முகாம் ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதவர் நிவாரணப் பட்டியலிலும் இல்லாமற் போகக்கூடும். அப்படிப்பட்ட உறவினர் நமக்கிருந்தால், எங்கே தங்கியிருந்தாலும் வில்லேஜ் ஆபீசில் போய்ப் பெயரைப் பதியும்படி முதல் நாளே நாம் சொல்லவேண்டும்.

வெளிமாநிலங்களில் இருக்கும் நாம் வேறென்ன செய்யக்கூடும்? பழந்துணியை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவது எளிது. ஆனால் அதைப் பிரித்து ஒழுங்கு செய்ய முகாமில் பத்துப் பேர் வேண்டும். அதனினும் பயன்தருவது செய்தி. ஜில்லாவின் அவசர நிலையத்துக்கு எண் 1077. வெளியூரிலிருந்து கூப்பிடுவோர் இடுக்கிக்கு 04862 என்றும், பாலக்காட்டுக்கு 0491 என்றும் முன்னே சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்காக 1098, பெண்களுக்காக 181. அழைக்கும்போது ‘எங்கள் அண்ணன் மூணாறில் இருக்கிறார்’ என்றால் எவராலும் தேடவியலாது. ஆதாரில் உள்ளபடி பெயர், தகப்பனார் பெயர், வயது, தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், வீட்டில் எத்தனை பேர், அவர்களுள் நோயாளி யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசவேண்டும். அந்தத் தாளை மழைக்கு முன்பே, ஜூன் மாதம் பிறப்பதற்குள், அவர்களிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் ஒரு பிரதி நம்மிடம் இருந்தால், அங்கே மண்ணுக்குள் போனது இங்கே கிடைக்கும்.