பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு

எழுபதுகளில் வங்கிக் கிளை ஒன்றில் பணம் எடுக்கச் சென்றவர், சீட்டைக் கொடுத்துவிட்டுப் பித்தளை டோக்கனுடன் காத்திருக்க வேண்டும். எழுத்தர் தடித்த பேரேட்டைப் புரட்டிப் பற்று எழுதுவார். அதிகாரி கையொப்பத்தை ஒப்பிட்டு அனுமதிப்பார். அதன் பின்னரே காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். அரையாண்டு முடிவில் வட்டிக் கணக்கு வந்துவிட்டால் ஊழியர்கள் இரவு வெகுநேரம் வரை கிளையிலேயே இருப்பர். இன்று அந்தப் பேரேடுகள் இல்லை. அவ்வேலையைச் செய்தவர்கள் புதிய வேலைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டனர் என்பது, செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசப்படும் இந்நாளில் திரும்பிப் பார்க்கத் தக்கதாகும்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, நாட்டில் வணிக வங்கிக் கிளைகள் 8,200க்குச் சற்று மேல் இருந்தன; 1990-இல் அவை 59,000-ஐக் கடந்துவிட்டன. கிளைகள் பெருகிய வேகத்திற்குக் கை ஈடுகொடுக்கவில்லை. கிளைகளுக்கு இடையேயான கணக்குகள் நேர் செய்யப்படாமல் தேங்கின. எனவே இயந்திரம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வேலையற்ற இளைஞர்கள் நிறைந்த நாட்டில் பத்துப் பேர் வேலையை ஓர் இயந்திரம் செய்வதா என்ற தொழிற்சங்கங்களின் கேள்வியும் நியாயமானதே. ஆயுள் காப்பீட்டுக் கழகம் அறுபதுகளில் கணிப்பொறியை நிறுவ முற்பட்டபோது கல்கத்தாவில் எழுந்த எதிர்ப்பு அனைவர் நினைவிலும் இருந்தது.

இத்தகைய மாற்றங்களுக்கு 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஏற்கெனவே ஒரு நெறியை வகுத்திருந்தது. பணியில் இருப்பவரின் வேலையும் ஊதியமும் பறிபோகலாகாது; மாற்றத்தின் பலன் சமுதாயம், நிர்வாகம், தொழிலாளர் மூவருக்கும் பங்கிடப்பட வேண்டும்; வேலைச்சுமையை முறையாக மதிப்பிட வேண்டும் என்பன அதன் சாரம். 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கத்திற்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம் இவ்வழியில் அமைந்தது எனலாம். இயந்திரங்களை எங்கே, எந்த அளவில் புகுத்துவது என்பதற்கு அது வரம்பு விதித்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984-இல் அளித்த அறிக்கை, கிளைகளுக்கு எந்திரமயத் திட்டம் ஒன்றை வகுத்தது. ரங்கராஜன் தலைமையிலான இரண்டாவது குழுவின் அறிக்கை 1989-இல் வந்தது. மற்றொரு பெரிய ஒப்பந்தம் 1993-இல் ஏற்பட்டது. இந்த வேகம் மிக மந்தமானது என்று அன்று பலர் குறைகூறினர். ஆனால் அந்த ஆண்டுகள் முற்றிலும் வீணாகிவிடவில்லை. புதிய கருவியைத் தம் கையால் இயக்கிப் பார்க்க ஊழியருக்கு அவகாசம் கிடைத்தது.

பயிற்சிக் கல்லூரியில் கழித்த சில நாட்களை விட, கிளையிலேயே நடந்த பயிற்சிதான் மிகுதியும் பயன்பட்டது. சில காலம் பேரேட்டிலும் இயந்திரத்திலும் ஒரே பதிவைச் செய்து, மாலையில் இரு கூட்டுத்தொகைகளையும் ஒப்பிடுவர். வேலை இரட்டிப்பானது உண்மையே. எனினும் தொகை மாறுபட்டால் பிழை எங்கே என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்தவர் பழைய எழுத்தரே. கணக்கின் தன்மையை அறிந்தவருக்குக் கருவியைக் கற்பிப்பது, கருவியை மட்டும் அறிந்தவருக்குக் கணக்கைக் கற்பிப்பதை விட எளிது.

இப்பாடம் பின்னர் மறக்கப்பட்டது. 2000-01-இல் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினர். 15 ஆண்டுப் பணியோ 40 வயதோ நிறைந்தவர்கள் அதற்குத் தகுதி பெற்றனர். அதாவது, அனுபவம் முதிர்ந்தவர்களே வெளியேற அழைக்கப்பட்டனர். எல்லாக் கிளைகளையும் இணைக்கும் மையக் கணினி முறை பரவத் தொடங்கிய தருணத்தில் இது நிகழ்ந்தது.

மாற்றத்தின் பலன் பொதுமக்களுக்கும் கிட்டியது. கையால் கணக்கிட்ட காலத்தில், சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10-ஆம் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி தரப்பட்டது. எழுத்தரின் வசதிக்கான விதி அது, இழப்போ சேமிப்பவருக்கு. 2010 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. பேரேட்டை வைத்துக்கொண்டு இதனைச் செய்திருக்க இயலாது.

இன்றைய சட்டம் என்ன கூறுகிறது? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்திற்கு 21 நாள் முன்னறிவிப்பு தேவைப்பட்டது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மாற்றத்திற்கான முன்னறிவிப்பைத் தொடர்ந்து வைத்திருப்பதுடன், மறுதிறன் நிதி ஒன்றையும் ஏற்படுத்துகிறது. ஆட்குறைப்புக்கு உள்ளான ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகையை நிர்வாகம் அந்நிதிக்குச் செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேரும். வரவேற்கத்தக்கதே, ஆனால் இப்பணம் வேலை போன பிறகே வருகிறது. அரை மாத ஊதியத்தைக் கொண்டு குடும்பத்தையும் காத்துப் புதிய தொழிலையும் கற்பது எளிதன்று. பணியில் இருக்கும்போதே, பணி நேரத்திலேயே அளிக்கப்படும் பயிற்சிக்கு இது ஈடாகாது.

இன்னொரு பிரிவினரும் உள்ளனர். 2006-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த வணிகத் தொடர்பாளர் முறையின்கீழ், சிற்றூர்களில் கைக்கருவியுடன் பணம் வழங்குபவர்கள் கமிஷனுக்கு உழைப்பவர்கள். வங்கியின் ஊழியர்கள் அல்லர். பழைய எழுத்தரின் வேலையில் ஒரு பகுதி இவர்களிடம் வந்துள்ளது. அவருக்குக் கிடைத்த ஒப்பந்தமும் பயிற்சிக் கல்லூரியும் இவர்களிடம் வந்து சேரவில்லை.