உழவரின் தோள்பட்டை: வலி வராமல் காப்பதும், வந்தபின் சீர்செய்வதும்

மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை பங்குனி, சித்திரையில் பிடுங்க வரும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சிறு விவசாயிகளின் வீடுகளில் தைல வாடை வீசுவதும் பெரும்பாலும் அப்போதுதான். காய்ந்து இறுகிய மண்ணிலிருந்து செடியைப் பிடுங்குவது, காயை உதறிப் பறிப்பது, மூட்டை கட்டி ஏற்றுவது எல்லாம் தோளின் வேலை. மாட்டுக்கு நோய் கண்டால் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற விவசாயி, தன் தோள் வலியை மட்டும் "சுளுக்கு, தானாகப் போய்விடும்" என்று விட்டுவிடுகிறார். சில சமயம் போய்விடும். போகாதபோது அடுத்த பட்டத்துக்கு எல்லா வேலைக்கும் கூலி ஆள் வைக்க வேண்டிவரும். இரண்டு ஏக்கர்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

தோள் மூட்டின் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. இடுப்பு மூட்டில் எலும்பின் உருண்டை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில் குழி மிகவும் ஆழமற்றது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். மூட்டு எளிதில் நழுவுவதும் அதனால்தான். பந்தல் காலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல, நான்கு சிறு தசைகள் அந்த உருண்டையைக் குழியோடு இழுத்துப் பிடித்திருக்கின்றன. முதுகுப் பக்கமுள்ள தட்டையான தோள் எலும்போ, விலாவின்மேல் தசைகளின் பிடியிலேயே நிற்கிறது. உடம்பின் நடுக்கூட்டோடு அதை இணைப்பது காறை எலும்பு ஒன்றுதான். தசைகள் தளர்ந்தால் உருண்டை சற்று மேலேறி, தோளின் கூரைபோல் உள்ள எலும்பில் தசைநாரை நசுக்கும். கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போது 'சுரீர்' என்று குத்துவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

புஜம் திரண்டிருந்தால் தோள் உறுதியாக இருக்கும் என்று நினைப்பது சரியல்ல. கயிறு தளர்ந்த பந்தலில் கால் எவ்வளவு பருத்திருந்தும் என்ன பயன்?

தெளிப்பானும் மூட்டையும்

முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பான் சாதாரணமாக 16 லிட்டர் பிடிக்கும். கருவியின் எடையும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் 12, 13 முறை நிரப்பிச் சுமக்க வேண்டும். பலர் நிரப்பிய தெளிப்பானைத் தரையிலிருந்து ஒரு கையால் வெடுக்கெனத் தூக்கி, உடம்பைத் திருகி மாட்டிக்கொள்கிறார்கள். தோள் நாருக்கு இதைவிடக் கெடுதலான வேலை குறைவு. இடுப்பு உயரமுள்ள திட்டிலோ வண்டித் தட்டிலோ வைத்து நிரப்பி, முதுகைக் கொடுத்து இரண்டு வார்களையும் மாட்டி எழுவதே முறை. வாரின் அடியில் சாக்குத் துணியை மடித்து வைக்கலாம். தொட்டி முதுகோடு ஒட்டி நிற்கும்படி வாரை இறுக்க வேண்டும். நெம்புகோலை ஒரு தொட்டிக்கு வலக்கையாலும் அடுத்த தொட்டிக்கு இடக்கையாலும் அடிக்கலாம். முதல் நாள் இடக்கை தடுமாறும், பிறகு பழகிவிடும். உடம்பு மெலிந்தவர்கள் 12 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளட்டும். நடை கூடும் என்பது உண்மைதான், ஆனால் தோள் மிஞ்சும்.

இறைவைப் பயிரில் பிடுங்குவதற்கு முன் இலேசாக ஒரு தண்ணீர் விட்டால் மல்லாட்டைச் செடி எளிதில் வரும். மண்ணில் தங்கும் காயும் குறையும். காய்க்காகச் சொல்லப்படும் இந்த யோசனை கைக்கும் பொருந்தும்.

மூட்டை விஷயம் இன்னும் பெரிது. இப்பகுதி விற்பனைக் கூடங்களில் மணிலாவுக்கு 80 கிலோ மூட்டை, நெல்லுக்கு 75 கிலோ மூட்டை என்று விலை பேசுவது வழக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் தந்த பரிந்துரையில், வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்றது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. யூரியா மூட்டையை அரசு 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியது. அது உரச் செலவைக் குறைக்கச் செய்தது, தோளை நினைத்துச் செய்ததல்ல. விலை எந்த மூட்டைக்குப் பேசினாலும், களத்தில் 40 கிலோவாகக் கட்டுவதற்குத் தடை ஏதுமில்லை. அதையும் இருவர் பிடித்து, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும்.

வலி வந்துவிட்டால்

விழுந்தோ, வெட்டி இழுத்தோ அடிபட்டபின் கையைத் தூக்கவே முடியவில்லை, அல்லது தோளின் உருவம் மாறியிருக்கிறது என்றால் யாரையும் இழுத்துவிடச் சொல்லக் கூடாது. நழுவிய மூட்டோடு எலும்பும் முறிந்திருக்கலாம். துணியால் கையை மார்போடு கட்டி ஆஸ்பத்திரிக்குச் செல்க. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்பகுதிக்குப் பெரிய வசதி. இடது தோளில் வலியோடு மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் அது தோள் நோயாக இராது, இருதயமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-க்குச் சொல்ல வேண்டும்.

மற்ற வலிகளில் முதல் சில நாள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். கையை வாரக்கணக்கில் தொட்டில் கட்டி அசைக்காமல் வைப்பதே பலருக்குத் தோளை இறுக்கிவிடுகிறது. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, கிணற்று வாளிபோல் மெல்ல ஆட்டலாம். பிறகு சுவரில் விரல்களை நடத்தி, வலி அனுமதிக்கும் வரை மேலே ஏற்றலாம். இவற்றைத் தினமும் இரண்டு மூன்று வேளை செய்யலாம்.

வலி தணிந்தபின் பலப்படுத்தும் பயிற்சி தொடங்கும். பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றே இதற்குக் கருவி. முழங்கை உயரத்தில் தூணில் கட்டிக்கொள்க. முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கையை மடித்தபடி ட்யூபை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விட வேண்டும். பிறகு தூணை நோக்கி நின்று இரு கையாலும் இடுப்பை நோக்கி இழுத்து, முதுகுப் பக்கம் இரண்டு தோள் எலும்புகளையும் நெருக்க வேண்டும். அடுத்தது சுவர்த் தண்டால்: கை எட்டும் தூரத்தில் நின்று சுவரைத் தள்ளி எழும்போது, கடைசியில் இன்னும் ஒரு விரற்கடை தள்ளுக. தோள் எலும்பை விலாவோடு பிடிக்கும் தசைக்கு அந்தக் கடைசித் தள்ளல்தான் வேலை. சுவர் சுலபமானால் வண்டித் தட்டு, பிறகு திண்ணை, பிறகு தரை. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பயிற்சியின்போது இலேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் அளவைக் குறைக்கவும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

நாற்பது வயதுக்கு மேல், அடிபடாமலே தோள் மெல்ல இறுகி, சட்டை மாட்டவும் தலை வாரவும் முடியாமல் போனால் சர்க்கரை பரிசோதிக்க வேண்டும். 'உறைந்த தோள்' எனப்படும் இந்நோய் நீரிழிவுக்காரர்களிடம் அதிகம். குணமாக ஓராண்டுக்கு மேலும் பிடிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

நம் கர்லாக் கட்டையும் தோளைப் பல திசையிலும் சுழற்றிப் பலப்படுத்தும் கருவியே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே கண்டு கொண்டுபோன அது, 1904, 1932 ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடந்தது. வலி முழுதும் நீங்கியவர்கள், பழகியவர் ஒருவரிடம் கற்று, இலேசான கட்டையில் தொடங்கலாம். அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் தோளுக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும்.