எபிரேய இறந்தகால வினைமுற்று: தொடக்கநிலைக் கற்போர் நோக்கில்

தமிழ் வினைமுற்றைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பகுத்துப் பழகிய நமக்கு, எபிரேய மொழியின் இறந்தகாலம் முதற்பாடத்திலேயே ஒரு தடுமாற்றத்தைத் தருகின்றது. 'எழுதினேன்' என்பதில் 'எழுது' பகுதி. 'இன்' காலங்காட்டும் இடைநிலை. 'ஏன்' தன்மை ஒருமை விகுதி. இதற்கு நேரான எபிரேயச் சொல் 'கதவ்தி' என்பதாகும். (தகரத்தை ஈரிடத்தும் வல்லொலியாகவே ஒலித்தல் வேண்டும். வீட்டுக் கதவு நினைவுக்கு வருமாயின், எபிரேய எழுத்தை விரைந்து கற்பதே அதற்கு மருந்து.) இதில் 'தி' தன்மை ஒருமை விகுதி. எஞ்சிய 'கதவ்' என்பதனுள் இடைநிலையைத் தேடினால் கிடைக்காது.

எபிரேய வேர்ச்சொல் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆனது. எழுதுதலுக்குரிய வேர் க்-த்-ப். இம்மெய்களிடையே உயிர்கள் மாறிப் புகுவதால் 'கதவ்' (எழுதினான்), 'கொதேவ்' (எழுதுகிறான்) முதலிய வடிவங்கள் பிறக்கின்றன. ஈற்றுப் பகரம் வகரமாக ஒலிப்பது கண்டு மயங்க வேண்டுவதில்லை. 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகியவற்றில் நாமும் ஒரே ககரத்தை மூவகையாக ஒலிக்கின்றோம் அன்றோ?

காலத்தை உணர்த்துவதில் உயிர்களின் அமைப்போடு ஒட்டின் இடமும் பங்கு கொள்கின்றது. இறந்தகாலத்தில் இடங்காட்டும் ஒட்டு வேரின் பின் வரும். எதிர்காலத்தில் முன் வரும். இறந்தகால விகுதிகள் சிலவற்றில் மூவிடப்பெயரின் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. 'அதா' (நீ, ஆண்பால்) என்பதன் ஈறு 'கதவ்தா' என்பதிலும், 'அதெம்' (நீங்கள்) என்பதன் ஈறு 'கதவ்தெம்' என்பதிலும் உள்ளன. இத்தொடர்பை முதலில் காட்டிப் பின்னரே வாய்பாட்டை மனப்பாடம் செய்விப்பது நன்று என்பது நம் கருத்து.

தமிழ் மாணவர் பெரிதும் பிழைபடும் இடம் முன்னிலை. தமிழில் 'எழுதினாய்' இருபாற்கும் பொது. எபிரேயத்திலோ ஆணிடம் 'கதவ்தா', பெண்ணிடம் 'கதவ்த்'. உயிர்க்குறியின்றி எழுதும் வழக்கில் இவ்விரண்டும் ஒரே வரிவடிவம் பெறுதலால், படிப்போர் சூழல் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். படர்க்கை ஒருமையில் 'கதவ்', 'கத்வா' (எழுதினாள்) எனப் பால் வேறுபாடு உண்டு. பன்மையில் 'கத்வு' இருபாற்கும் ஒன்றே. மரியாதைப் பன்மை இக்கால அன்றாட வழக்கில் இல்லை. ஆசிரியரையும் 'அதா' என்றே விளிக்க நேர்கையில் நம் மாணவர் நாக்கு சற்றே தயங்கும்.

எதிர்மறை எளிது. 'லோ கதவ்தி' என்றால் 'எழுதவில்லை'. தமிழ் வடிவம் திணை, பால், எண், இடம் அனைத்தையும் இழக்கின்றது. எபிரேய வடிவம் விகுதியை இழப்பதில்லை.

வேரின் மெய்கள் வலுக்குன்றும் வினைகளே உண்மையான இடர். 'நதன்' (கொடுத்தான்) என்பது தன்மையில் 'நததி' ஆகும். னகரம் விகுதியின் தகரத்துள் மறைந்துவிடுகின்றது. 'கனா' (வாங்கினான்) என்பது 'கனீதி' (வாங்கினேன்), 'கன்தா' (வாங்கினாள்) எனத் திரிகின்றது. இவற்றைப் பயிலும்போதுதான், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போர் 'எழுதினேன், வந்தேன், கண்டேன், பெற்றேன்' என்னும் நான்கின் இடைநிலைகளையும் எதிர்கொள்ளும் திகைப்பு நமக்கு விளங்குகின்றது. "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று வகுப்பில் நாம் கூறிவந்த விடை, கற்பவர் இருக்கையில் அமர்ந்து கேட்கும்போது எத்துணை வறியதாய் ஒலிக்கின்றது! 'வா' என்பது 'வ' எனக் குறுகியது விகாரம், தகரம் நகரமானதும் விகாரம் என்று ஒருமுறை பிரித்துக் காட்டியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

விவிலியம் படிக்கும் நோக்குடன் வருவோர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆதியாகமக் கதைப்பகுதிகளில் அடிக்கடி வரும் 'வயோமெர்' (அவன் சொன்னான்) என்னும் சொல்லில் ஒட்டு வேரின் முன் நிற்கின்றது. தோற்றத்தில் அது இக்கால எதிர்கால வினையை ஒத்தது. முன்நிற்கும் 'வ' உடன் சேர்ந்து கதை கூறும் இறந்தகாலமாகின்றது. விகுதி வாய்பாடு நன்கு படிந்த பின்னரே இதனை அறிமுகப்படுத்துதல் வேண்டும்.