ஒட்டுவதையே வேலையாக்கிய மூலக்கூறு

அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எதையும் செய்துவிடும் நுண் எந்திரங்கள் வரப்போகின்றன என்ற பேச்சு அமெரிக்காவில் சூடுபிடித்திருந்த நேரம். வேதியியலில் நோபல் பெற்ற ரிச்சர்ட் ஸ்மாலி 2001-இல் அதை மறுத்து எழுதினார். அவர் சொன்ன தடைகளில் ஒன்று யாருக்கும் புரியும்: எந்திரத்தின் விரலும் அணுக்களால் ஆனதுதானே, பிடித்த அணு விரலிலேயே ஒட்டிக்கொண்டால் எப்படி இறக்கிவைப்பது? கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஒட்டும் குணத்தையே வேலைக்கு அமர்த்தலாம் என்பதற்கு 2005-இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சான்று வந்தது. லியோ கிராஸ், பிரான்செஸ்கா மொரெஸ்கோ, கார்ல்-ஹைன்ஸ் ரீடர் ஆகியோர் பிரான்சின் துலூஸ் நகர வேதியியலாளர்களுடன் சேர்ந்து, ஆறு கால் கொண்ட கரிம மூலக்கூறு ஒன்றைச் செம்புப் பரப்பின் மேல் வைத்தார்கள். கால்கள் என்பவை ஓரங்களில் பருத்து நிற்கும் பியூட்டைல் தொகுதிகள். மூலக்கூறின் நடுப்பகுதியைப் பந்தல்போல் சற்றே தூக்கிப் பிடிக்கின்றன. தனி அணுக்களையும் காட்டும் டனலிங் மைக்ராஸ்கோப்பின் கூரிய ஊசியால் அதை நகர்த்தியபோது, பரப்பில் உதிரியாகக் கிடந்த செம்பு அணுக்கள் அதனுடன் சேர்ந்துகொண்டன. ஆறு அணுக்கள் வரை சுமந்தது. குறித்த இடத்துக்குக் கொண்டுபோய் அவற்றை இறக்கிவிடவும் முடிந்தது.

ஊசிதானே நகர்த்துகிறது, இதை எந்திரம் என்பது மிகையில்லையா என்று கேட்கலாம். உந்துவிசை வெளியிலிருந்துதான் வருகிறது, உண்மை. ஆனால் 1989-இல் ஐபிஎம் விஞ்ஞானிகள் 35 செனான் அணுக்களால் தங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதியபோது ஒவ்வோர் அணுவையும் ஊசிதான் இழுத்தது. பெர்லினில் அணுக்களைச் சேர்ப்பதும் பிடித்துவைப்பதும் மூலக்கூறின் வடிவம் செய்த வேலை. என் கணக்கில் அது எந்திரம்தான். இவ்வளவு மெதுவாக, வெற்றிடத்திலும் கடுங்குளிரிலும் செய்வதால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. தொழிற்சாலைக்கு இன்று ஒரு பயனும் இல்லை. வேகத்துக்கு மட்டும் ஒரு வழி தெரிகிறது: 2020-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில், செய்து செய்து தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள் ஊசியை ஓட்டி, ஒரு படலத்திலிருந்து தனி மூலக்கூறைப் பிரித்தெடுத்தது.

இதனாலெல்லாம் ஸ்மாலி தோற்றுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பெர்லின் மூலக்கூறு செம்புப் பரப்பில் செம்பு அணுக்களைச் சுமந்தது, அவ்வளவே. வேறு அணு, வேறு பரப்பு என்றால் வடிவமைப்பை முதலிலிருந்து யோசிக்க வேண்டும். எந்த அணுவையும் எங்கும் வைக்கும் எந்திரம் இன்னும் எந்த ஆய்வகத்திலும் இல்லை.