காது மிஷின் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

எதைச் சொன்னாலும் அப்பா, "என்னது? என்னது?" என்று திருப்பிக் கேட்கிறாரா? டி.வி. சத்தம் அடுத்த தெரு வரைக்கும் போகிறதா? போனில் பேரன் பேசினால், "நீயே பேசிக்கோம்மா" என்று மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாரா? அப்படியானால் கூடிய சீக்கிரம் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர், "ஒரு காது மிஷின் வாங்கிடலாம்ப்பா" என்று சொல்லத்தான் போகிறார்கள்.

நல்ல யோசனைதான். காது மந்தமான பெரியவர்கள் முதலில் பேச்சைக் குறைப்பார்கள். அப்புறம் கல்யாணம், காதுகுத்துக்குப் போவதைக் குறைப்பார்கள். கடைசியில் நிறைந்த வீட்டுக்குள்ளேயே தனி ஆளாகிவிடுவார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் வருஷ அறிக்கை சொல்கிறது. சரியான மிஷின் சரியாகப் பொருந்தினால் அவர்களுக்கு அது மறுவாழ்வு.

ஆனால் பல வீடுகளில் அந்த மிஷின் எங்கே இருக்கிறது தெரியுமா? பீரோவில், நகை டப்பாவுக்குப் பக்கத்தில்! "போட்டா கொய்ங்னு சத்தம் வருதுடா, வேண்டாம்" என்று பெரியவர் கழற்றி வைத்தது வைத்ததுதான். பல சமயம் தப்பு மிஷினில் இல்லை. அது விற்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்து வீடுகள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பீங்கான் தொழிற்சாலையில் கல்லையும் மண்ணையும் அரைக்கும் பால் மில் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்கள், நெய்வேலி சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர்கள் என்று இரைச்சலிலேயே வாழ்ந்த காதுகள் இங்கே அதிகம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம் தொழிற்சாலை விதிகளின் உச்ச வரம்பு. அதற்கு மேல் வருஷக்கணக்கில் கேட்டால் உள்காதின் நுண்ணிய செல்கள் செத்துப்போகும். செத்தது திரும்ப முளைக்காது. இப்படிப்பட்டவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்பார்கள். ஓய்வு பெறும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி என்று கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் வரும். காது மந்தமும் மொத்தப் பணமும் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால் விற்பனையாளர் விடுவாரா?

சோதனை இலவசம்... அப்புறம்?

'இலவச காது பரிசோதனை முகாம்' என்று நோட்டீஸ் வரும். கல்யாண மண்டபத்திலோ, டவுனில் கண்ணாடி போட்ட ஏ.சி. கடையிலோ நடக்கும். டை கட்டிய ஒரு தம்பி, "வாங்கய்யா, உட்காருங்க" என்று அன்பாக வரவேற்பார். பத்து நிமிஷத்தில் சோதனை முடியும். கம்ப்யூட்டரில் கீழே இறங்கும் ஒரு கோட்டைக் காட்டி, "ரொம்ப இறங்கிடுச்சு சார்" என்று முகத்தைச் சுளிப்பார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் மிஷின் காதில் இருக்கும். அமைதியான அறையில், நேருக்கு நேர் உட்கார்ந்து, "இப்ப கேக்குதாய்யா?" என்பார். அங்கே கேட்காமல் என்ன செய்யும்? பெரியவர் முகம் மலரும். பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்குக் கண் கலங்கும். அந்த நேரம் பார்த்து கார்டு மிஷின் மேஜைக்கு வந்துவிடும்!

இதில் எந்த இடத்திலும் பொய் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனாலும் ஒரு கோளாறு இருக்கிறது. சோதனை செய்பவரும் விற்பவரும் ஒரே ஆள். பல இடங்களில் அவருக்கு மாத இலக்கு உண்டு, விற்பனைக்குக் கமிஷன் உண்டு. இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையில் இதே கமிஷனையும் இலக்கையும்தான் குறை சொன்னது. தேவைக்கு மேல் விலை உயர்ந்த மிஷினைத் தலையில் கட்ட இவை தூண்டுகின்றன என்று எச்சரித்தது.

அதனால் முதல் விதியை வீட்டு காலண்டரில் எழுதி வையுங்கள்: சோதனை ஒரு நாள், வாங்குவது இன்னொரு நாள்.

கடையில் கேட்கும் ஐந்து வசனங்கள்

"இன்னிக்கு மட்டும்தான் சார் இந்த விலை!" காது இன்றைக்கு ராத்திரிக்குள் மாறிவிடப் போவதில்லை. பாதி விலை என்கிறவரிடம், "அப்ப முழு விலை எதை வைச்சுப் போட்டீங்க?" என்று கேளுங்கள். மாடல் பெயரையும் விலையையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, இன்னும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். எழுதித் தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

"உடனே போடலைன்னா மறதி நோய் வந்துடும்!" இதுதான் இப்போதைய பிரம்மாஸ்திரம். காது மந்தத்துக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மை. மிஷின் போட்டால் மறதி நோயைத் தடுத்துவிடலாம் என்பது அவ்வளவு நிச்சயமில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரிடம் மூன்று வருஷம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தபோது மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஞாபகசக்தியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே மற்ற உடல்நலக் காரணங்களால் ஆபத்து அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் சரிவு பாதியளவு குறைந்திருந்தது. ஆகவே மிஷின் நல்லதுதான். ஆனால் இன்று மாலைக்குள் வாங்காவிட்டால் ஆபத்து என்பது வெறும் பயமுறுத்தல்.

"இது நாலு சேனல்தான். அது இருபது சேனல் சார்!" சேனல் கூடினால் ஒலியை நுணுக்கமாகச் சரிசெய்ய முடியும். ஆனால் விலை ஐந்து மடங்கு என்றால் கேட்பதும் ஐந்து மடங்கு ஆகாது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ராபின் காக்ஸ் குழுவினர், மிதமான காது மந்தம் உள்ள முதியவர்களுக்குச் சாதாரண ரகத்தையும் உயர்ந்த ரகத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையுமே நல்ல முறையில் பொருத்தியபோது, அன்றாட வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2014-ல் எழுதினார்கள்.

"சத்தத்தை எல்லாம் வடிகட்டிட்டு, பேச்சை மட்டும் கேக்க வைக்கும்!" ஓரளவுக்குத்தான் முடியும். கூட்டத்தில் முழுசாக வடிகட்டும் மிஷின் இல்லை. இந்த மாதிரி விளம்பர வாக்குறுதிகளுக்காகத்தான் 'மிராக்கிள் இயர்' மிஷினை விற்ற டால்பர்க் கம்பெனி, 1995-ல் அமெரிக்க அரசுக்கு 27.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது.

"ரெண்டு காதுக்கும் கட்டாயம் போடணும்." இரண்டு காதும் மந்தமாக இருந்தால் இரண்டு மிஷின் நல்லதே. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும், கூட்டத்திலும் பேச்சு கொஞ்சம் தெளியும். ஆனால் கட்டாயம் என்று எதுவும் இல்லை. கையில் பணம் குறைவு என்றால் விலை உயர்ந்த ஒன்றா, நடுத்தர விலையில் இரண்டா என்று ஆடியோகிராமை வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைக்கு முன்னால் டாக்டர்

காது கேட்கவில்லை என்றாலே மிஷின் என்று அர்த்தமில்லை. குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே போதும், காது கேட்கும். சவ்வில் ஓட்டை, சீழ், நடுக்காது எலும்பு இறுகிப்போவது போன்றவற்றுக்கு மருந்தோ ஆபரேஷனோ இருக்கிறது. திடீரென்று ஓரிரு நாளில் காது அடைத்துக் கேட்காமல் போனால் அது அவசரம். அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். நாள் தள்ளினால் கேட்கும் திறன் திரும்புவது கஷ்டம். ஒரு காது மட்டும் மந்தமாவது, ஒரே காதில் ஓயாத இரைச்சல், தலைசுற்றல், காதில் சீழ் அல்லது ரத்தம், இவை எதுவும் கடையில் தீர்க்கிற விஷயம் அல்ல.

டாக்டர் பார்த்த பிறகு ஆடியோகிராம். இதைச் சத்தம் புகாத அறையில் எடுக்க வேண்டும். ஹெட்போன் வைத்து ஒரு சோதனை, காதுக்குப் பின் எலும்பில் கருவி வைத்து ஒரு சோதனை, வார்த்தைகளைச் சொல்லி எத்தனை புரிகிறது என்று ஒரு சோதனை என மூன்றும் முக்கியம். மின்விசிறி ஓடுகிற மண்டபத்தில் எடுத்த சோதனையை நம்பி ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். சோதிப்பவர் படித்த ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1992-ம் வருஷச் சட்டப்படி இவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பே இல்லை.

ஆடியோகிராம் தாள் உங்களுடையது. அதைக் கையோடு வாங்கி வாருங்கள். அது இருந்தால் எந்தக் கடையிலும் பேரம் பேசலாம். கம்மாபுரத்திலிருந்து போய்வரும் தூரத்தில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இருக்கின்றன. அங்கே உங்களிடம் மிஷின் விற்க யாருக்கும் இலக்கு கிடையாது!

தட்டிப் பார்க்காமல் வாங்கலாமா?

பீங்கான் ஜாடி வாங்கும்போது விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். 'டங்' என்றால் எடுப்போம், 'டொக்' என்றால் கீறல் என்று வைத்துவிடுவோம். ஐம்பது ரூபாய் ஜாடிக்கே அப்படி என்றால், சில ஆயிரங்களில் ஆரம்பித்து ஜோடி சில லட்சம் வரை போகிற மிஷினைத் தட்டிப் பார்க்க வேண்டாமா?

தட்டிப் பார்ப்பது என்றால் மாட்டிக்கொண்டு வெளியே போய் வருவது. பஸ் ஸ்டாண்டு, ஓட்டல், கோயில், வீட்டு டி.வி. முன்னால் எல்லாம் கேட்டுப் பார்க்க வேண்டும். சில நாட்களாவது வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவீர்களா என்று கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தருபவர்கள் உண்டு.

கண்ணாடி போட்டால் அந்த நிமிஷமே எழுத்து தெரியும். மிஷின் அப்படி இல்லை. வருஷக்கணக்காகக் கேட்காத சத்தங்களை மூளை மறுபடி பழக வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று முறையாவது போய் ஒலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த வருகைகள் விலையிலேயே சேர்த்தியா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

"வெளியே தெரியாது சார்" என்று காதுக்குள் நுழையும் குட்டி மிஷினை விற்பார்கள். அதன் பேட்டரி மிளகு சைஸ்! கை நடுங்குகிற, மூட்டு வலி உள்ள பெரியவரால் மாற்ற முடியுமா? பேட்டரி சில நாளுக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் பல பெரியவர்களுக்குச் சௌகரியம். அப்பா தானே மாட்டி, தானே கழற்றி, தானே பேட்டரி போடுகிறாரா என்று கடையிலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள்.

பில் இல்லாமல் பணம் இல்லை

பில்லில் கம்பெனி பெயர், மாடல், ஒவ்வொரு மிஷினின் சீரியல் எண், வாரன்ட்டி எத்தனை வருஷம், பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல் கணக்கில் வராது. வேறு ஊர் ஆடியாலஜிஸ்டும் இந்த மிஷினைச் சரிசெய்ய முடியுமா, அந்தக் கடையிலேயே பூட்டிக் கிடக்குமா என்றும் கேளுங்கள். காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, மிஷின் விலை மேல் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. கவனியுங்கள், இது குறையுள்ள பொருளுக்குத்தான். "அப்பாவுக்குப் பிடிக்கலை" என்பதற்கு பில்லில் எழுதியிருந்தால்தான் பலன். ஏமாற்றம் நடந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

காசு கொடுக்காமலும் கிடைக்கும்

கடனுக்கு, தவணைக்கு என்று கையெழுத்துப் போடும் முன்னால் இதைப் பாருங்கள். 40 சதவிகிதமோ அதற்கு மேலோ ஊனச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் மிஷின் கிடைக்கும். 60 வயதான, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத முதியவர்களுக்கு 2017-ல் தொடங்கிய 'வயோஸ்ரீ' திட்டம் இருக்கிறது. கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி தன் டிஸ்பென்சரியிலேயே கேட்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள், முன்னாள் ராணுவத்தினர் தங்கள் மருத்துவத் திட்டத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு, முன் அனுமதி பெற வேண்டும். வாங்கிவிட்டுப் போய் நின்றால், "முன்னாடியே வந்திருக்கணும்" என்பார்கள்.

நல்ல கடைகளும் இருக்கின்றன. அவர்கள், "முதல்ல டாக்டரைப் பாருங்க, வீட்ல பேசிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். அவசரப்படுத்துகிறவர் எத்தனை அன்பாகப் பேசினாலும், "யோசிச்சுட்டு வர்றோம் தம்பி" என்று எழுந்து வந்துவிடுங்கள். அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். காது அவருடையது, அதை மாட்டிக்கொள்ளப் போகிறவரும் அவர்தான்.