களியும் புளிப்பும்: ருமேனியாவின் உணவு மரபு

ருமேனியாவில் பயணம் செய்வோர் அந்நாட்டு மரபுணவை அறிய, 'மமலிகா' எனப்படும் மக்காச்சோளக் களியில் தொடங்குவது பொருத்தமானது. அதுவரை தினைக்கூழை உண்டுவந்த உழவர்களிடையே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த மக்காச்சோளம் 17ஆம் நூற்றாண்டு முதல் படிப்படியாகப் பரவி, அவர்களுடைய அன்றாட உணவாயிற்று. வார்ப்பிரும்புக் குண்டானில் கொதிக்கும் உப்புநீரில் மாவைத் தூவி, மரக்கோலால் கட்டிதட்டாமல் கிளறி இறக்கிய களியை ஒரு மரப்பலகையில் கவிழ்த்து, கத்தியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நூலால் துண்டுபோடுவது பழைய வழக்கம். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும் அதற்குத் துணையாகின்றன.

களிக்கு அடுத்தபடியாக இம்மரபில் மேலோங்கி நிற்பது புளிப்புச்சுவை. 'சுப்பா' என்பது புளிப்பில்லாத சூப்பையும், 'சொர்பா' என்பது புளிப்புச் சேர்த்த சூப்பையும் குறிக்கும். கோதுமைத் தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்துச் சில நாள் நொதிக்கவிட்டு வடித்தெடுக்கும் 'போர்ஷ்' என்னும் புளித்த நீரே பல ஊர்களில் சொர்பாவுக்குப் புளிப்பைத் தருகிறது. இறக்கும்போது தூவப்படும் 'லெயுஷ்தியான்' என்ற கீரையின் மணம் செலரியை நினைவூட்டும். மாட்டின் இரைப்பையில் செய்யும் சொர்பாவில் பூண்டும் வினிகரும் தூக்கலாக இருக்கும்.

நொதித்த முட்டைக்கோசு இலைகளில் கொத்துப் பன்றியிறைச்சியையும் அரிசியையும் பொதிந்து, பல மணி நேரம் இளந்தீயில் வேகவைக்கும் 'சர்மாலே', கிறிஸ்துமஸ் விருந்திலும் திருமண விருந்திலும் தவறாமல் இடம்பெறுகிறது. 'சுற்றுதல்' என்னும் பொருள்படும் துருக்கிய வினைச்சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரும், துருக்கிய வழி வந்த 'சொர்பா' என்னும் பெயரும், ஒட்டோமான் பேரரசின் மேலாதிக்கத்தில் அந்நிலம் கழித்த நூற்றாண்டுகளின் தடயங்களாகும்.

இறைச்சி மிகுந்த இவ்வுணவு மரபில் சைவ உணவாளருக்கும் இடம் உண்டு. புதன், வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்புக் காலத்திலும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்குவதால், பூண்டு சேர்த்து மசித்த வெள்ளை பீன்ஸ் விதை, சுட்ட கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் எண்ணெயில் வதக்கிய 'சக்குஸ்கா', காளானும் அரிசியும் பொதிந்த சர்மாலே எனத் தனியொரு சமையல் வளர்ந்துள்ளது. உணவுப்பட்டியலில் 'தே போஸ்ட்' என்ற சொற்கள் காணப்பட்டால், அது நோன்புக்கு ஏற்ற உணவு என்று பொருள். சில நோன்பு நாள்களில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால், அதை மட்டும் கேட்டறிந்துகொள்வது நல்லது.