ஒற்றை நெறிமுறைக் குழு மீளாய்வு
ஒற்றை நெறிமுறைக் குழு மீளாய்வு என்பது, மனிதர்கள் பங்கேற்கும் ஓர் ஆய்வு ஒரே திட்டப்படி பல மருத்துவமனைகளிலோ பல்கலைக்கழகங்களிலோ நடைபெறும்போது, அவை அனைத்திற்கும் ஒரே நெறிமுறைக் குழு அனுமதி வழங்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது விதியாக உள்ளது.

பின்னணி
அலபாமாவில் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை அளிக்காமல் நடத்தப்பட்ட டஸ்கிகீ சிபிலிசு ஆய்வு (1932–1972) அம்பலமானதைத் தொடர்ந்து, 1974 இல் தேசிய ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள்தோறும் மீளாய்வுக் குழுக்கள் அமைந்தன. குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும். ஒருவரேனும் அறிவியல் துறை சாராதவராகவும், ஒருவரேனும் நிறுவனத்துடன் தொடர்பற்றவராகவும் இருத்தல் வேண்டும். பல மையங்களில் நடக்கும் ஆய்வில் ஒவ்வொரு குழுவும் அதே திட்டத்தைத் தனித்தனியே பரிசீலித்ததால் தாமதம் ஏற்பட்டது. இசைவுப் படிவங்களும் மையத்திற்கு மையம் வேறுபட்டன.

விதிகள்
தேசிய நலவாழ்வு நிறுவகங்கள் தாம் நிதியளிக்கும் இத்தகைய உள்நாட்டு ஆய்வுகளுக்கு 2018 சனவரி 25 முதல் இம்முறையைக் கட்டாயமாக்கின. திருத்தப்பட்ட பொது விதியின்கீழ் இது 2020 சனவரி 20 முதல் பிற கூட்டாட்சி நிதி ஆய்வுகளுக்கும் விரிந்தது. பழங்குடி அரசுகளின் சட்டம் தனி மீளாய்வைக் கோரினால் விலக்கு உண்டு.

உள்ளூர்ப் பொறுப்பு
தொலைவிலுள்ள குழு ஓரிடத்தின் மொழி, வழக்கங்கள், மாநிலச் சட்டம் ஆகியவற்றை அறியாதிருக்கலாம். அது கவனிக்கத் தவறும் குறை எல்லா மையங்களிலும் பரவும். எனவே நிறுவனங்கள் பொறுப்புகளைப் பிரித்து எழுத்துவழி உடன்பாடு செய்கின்றன. உள்ளூர் விவரங்களைத் தெரிவிப்பதும், ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், பங்கேற்பாளருக்கு நேரும் பாதிப்புகளை உடனே அறிவிப்பதும் பொதுவாக அந்தந்த நிறுவனத்தின் கடமைகளாகவே தொடர்கின்றன.